'அது சும்மா நிக்கல... வேலை பார்த்துட்டு இருக்கு!' - கூட்ஸ் வண்டி ஷன்ட்டிங் பற்றி ஒரு A to Z இல்லாத எளிய விளக்கம்

எனக்குச் சொந்த ஊர் இரும்பை. ஆரோவில் பக்கம், திண்டிவனம் - புதுச்சேரி ரோட்டிலிருந்து உள்ளே போகணும். ஊரில் ரயில் கிடையாது. அதனால் சின்ன வயசிலிருந்தே ரயில் என்றால் ஒரு பிரமிப்பு. கல்லூரி நாள்களில் அந்தப் பிரமிப்பு போய், அலட்சியம் வந்துவிட்டது. ஒருநாள் காலை, ஒரு சின்ன ஸ்டேஷனில் முதல் லைனில் கூட்ஸ் வண்டி ஒன்று நின்றுகொண்டிருந்தது. நான் ஏற வேண்டிய பாசஞ்சர் அதற்கு அந்தப் பக்கம். மேம்பாலம் ஏறினால் ரயில் போய்விடும். எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் இருந்த இணைப்புக்குக் கீழே குனிந்து, அந்தப் பக்கம் போனேன்.

முதுகு நிமிர்வதற்குள் 'தட தட தடன்னு' ஒரு சத்தம். நான் நுழைந்து வந்த அந்த இடைவெளி, ஒரே வெட்டில் ஓர் அடிக்கு மேல் நகர்ந்து நின்றது. ஹாரன் சத்தம் என் காதில் விழவேயில்லை. இன்ஜின் அரை கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம்.

அன்றைக்கு அந்த வண்டி நின்றுகொண்டிருக்கவில்லை. ஷன்ட்டிங் வேலையில் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில வருஷம் ஆனது. புரிந்த பிறகு, நிற்கிற கூட்ஸ் வண்டி பக்கத்தில்கூட நான் போவதில்லை. ஏன் என்று சொல்கிறேன், வாங்க.

ஷன்ட்டிங்னா என்ன?

ரயில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ஓடுவது பயணம். பெட்டிகளைக் கழற்றுவது, சேர்ப்பது, வேறு லைனுக்கு மாற்றுவது, ஆலைக்குள் கொண்டுபோய் விடுவது, காலியானதும் வெளியே எடுப்பது... இதெல்லாம் ஷன்ட்டிங்.

பைக் ஸ்டாண்டை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டி நடுவில் மாட்டியிருக்கிறது. முன்னால் நிற்கும் நாலு வண்டிகளைத் தள்ளினால்தான் உங்களுடையது வெளியே வரும். ஷன்ட்டிங்கும் அதே கணக்குதான். ஒரே வித்தியாசம், இங்கே எதையும் பக்கவாட்டில் தூக்கி வைக்க முடியாது. முன்னால், பின்னால் இரண்டே திசை. லைன் மாறணும் என்றால் 'பாயின்ட்' இருக்கிற இடத்துக்குப் போய்த்தான் ஆகணும்.

சைடிங் எங்கே இருக்கு?

மெயின் லைனிலிருந்து பிரிந்து ஓர் ஆலைக்கோ, மின் நிலையத்துக்கோ, துறைமுகத்துக்கோ, எண்ணெய்க் கிடங்குக்கோ போகும் தனி லைனுக்குப் பெயர் சைடிங். பெரும்பாலும் அந்த நிறுவனமே செலவு செய்து போட்டுக்கொள்வது. ரயில்வேயின் சொந்த இடத்தில் எல்லோரும் சரக்கு இறக்கிக்கொள்வது கூட்ஸ் ஷெட். விழுப்புரம் பக்கம் இருப்பவர்களுக்கு முண்டியம்பாக்கம் தெரிந்திருக்கும். மாவட்டத்துக்கு உர மூட்டைகள் ரயிலில் வந்து இறங்குவது அங்கேதான்.

விழுப்புரம் ஜங்ஷன், சரக்கு ரயில் பார்க்க நல்ல இடம். சென்னை, விருத்தாசலம் வழியாகத் திருச்சி, கடலூர் வழியாக மயிலாடுதுறை, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி, அப்புறம் 1879-ல் திறந்த புதுச்சேரி லைன் என்று ஐந்து திசைகளிலிருந்து வண்டி வரும். திருச்சி லைனில் தெற்கே போனால் அரியலூர் சிமென்ட் பெல்ட். அதைத் தாண்டினால் டால்மியாபுரம். 1939-லிருந்து சிமென்ட் ஆலை இருக்கும் ஊர். 1953 ஜூலை 15 அன்று கருணாநிதி தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்த கல்லக்குடிப் போராட்டம் இந்த ஊர்ப் பெயருக்காகத்தான். இன்று ஸ்டேஷன் போர்டில் 'கல்லக்குடி பழங்காநத்தம்' என்று இருக்கும்.

ஒரு கூட்ஸ் வண்டி எவ்வளவு பெரிசு?

நிலக்கரி ஏற்றும் ஒரு முழு வண்டியில் 58 பெட்டிகள் வரை இருக்கும். ரயில்வே பாஷையில் இதற்கு 'ரேக்' என்று பெயர். நீளம் சுமார் 650 மீட்டர். புது ரகப் பெட்டிகள் என்றால் கிட்டத்தட்ட 4,000 டன் சரக்கு. 20 டன் லாரியில் ஏற்றினால் 200 லாரி வேணும். 2023-24-ல் இந்திய ரயில்வே ஏற்றிய சரக்கு சுமார் 159 கோடி டன். அதில் கிட்டத்தட்ட பாதி நிலக்கரி. நம் வீட்டு ஃபேன் சுற்றுவதற்குப் பின்னால் எங்கோ ஒரு சைடிங்கில் ஒரு ஷன்ட்டிங் இருக்கிறது.

வேலை எப்படி நடக்குது?

ரேக் முதலில் ஆலைக்குப் பக்கத்து ஸ்டேஷனுக்கு வரும். எந்தப் பெட்டி, எந்த லைனுக்கு, எந்த வழியாக என்பதைத் தீர்மானித்து ஸ்டேஷன் மாஸ்டர் எழுத்துபூர்வமாக உத்தரவு கொடுப்பார். 'T' வரிசையில் 806-ம் நம்பர் படிவம் அது. லோகோ பைலட், கார்டு (2022 ஜனவரியிலிருந்து இவர் பதவியின் பெயர் டிரெயின் மேனேஜர்), பாயின்ட்ஸ்மேன் மூவரும் இதன்படிதான் வேலை செய்யணும்.

அடுத்தது சைடிங்குக்குள் நுழைவது. லைன் எந்தப் பக்கம் பிரிகிறது என்பதைப் பொறுத்து, இன்ஜின் முன்னால் நின்று இழுக்கலாம், அல்லது பின்னாலிருந்து தள்ளலாம். இழுப்பது சுலபம். தள்ளுவதுதான் வயிற்றைக் கலக்கும் வேலை. 650 மீட்டருக்கு அப்பால் முதல் பெட்டி எதில் இடிக்கப்போகிறது என்று லோகோ பைலட்டுக்குத் தெரியாது. அவருக்குக் கண்ணாக முன்னால் ஒருவர் இருப்பார். கொடியாலோ, விளக்காலோ, வாக்கி டாக்கியாலோ வழி சொல்வார்.

அந்தக் கை சைகைகளைத் தெரிந்துகொள்ளுங்கள், அடுத்த முறை பிளாட்பாரத்தில் நிற்கும்போது உங்களாலேயே படிக்க முடியும்.

* பச்சைக் கொடியை மெதுவாக மேலும் கீழும் அசைத்தால்: என்னைவிட்டுத் தள்ளிப் போ.
* உடம்புக்குக் குறுக்கே இடமும் வலமும் அசைத்தால்: என்னை நோக்கி வா.
* இரவில் பச்சை விளக்கைத் தலைக்கு மேல் பிடித்து மணிக்கட்டைத் திருப்பினால்: பெட்டியைச் சேர்க்கப் போறோம், ரொம்ப மெதுவாக வா.
* சிவப்பு: நில்.

சைகை காட்டுபவர் கண்ணிலிருந்து மறைந்தாலோ, குரல் நின்றுபோனாலோ லோகோ பைலட் என்ன செய்யணும்? 'எதுவும் சொல்லலையே, போகலாம்' என்று நினைக்கக் கூடாது. நிறுத்திடணும்.

வேகம்? ஷன்ட்டிங்கில் மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. வெடிபொருள், பெட்ரோல், டீசல் மாதிரி சரக்கு என்றால் 8 கிலோமீட்டர். சைக்கிளில் போகும் பையன் முந்திவிடுவான். ஆனால், 4,000 டன் எடை அந்த வேகத்தில் இடித்தாலும் போதும். டீசல் டேங்கர் தீப்பிடித்தால் எப்படி இருக்கும் என்பதை 2025 ஜூலை 13 அன்று திருவள்ளூர் அருகே பார்த்தோம் இல்லையா?

ஒரே ஒரு பெட்டியைக் கழற்றணும்... எத்தனை ஸ்டெப்?

அமெரிக்காவில் ஒரே ரயிலில் பல கம்பெனிகளின் பெட்டிகள் கலந்து வரும். ஒவ்வோர் ஆலைக்கும் இரண்டு, மூன்று பெட்டியாகப் பிரித்து விட்டுப்போவார்கள். நம் ஊரிலும் முன்பு அப்படித்தான். பெரிய யார்டுகளில் பெட்டிகள் நாள்கணக்கில் பிரித்துக் கோக்கப்பட்டன. இப்போது பெரும்பாலும் ஒரு முழு ரேக், ஒரே சரக்கு, ஒரே இடம். அதனால் ஷன்ட்டிங் குறைந்திருக்கிறது. ஒழிந்துவிடவில்லை. ஆலை லைன் குட்டை என்றால் ரேக்கை இரண்டாக வெட்டணும். ஒரு பெட்டி பழுது என்றால் (அவர்கள் 'சிக் வேகன்' என்பார்கள்) அதை மட்டும் உருவி எடுக்கணும்.

58 பெட்டியில் இருபதாவது பெட்டி சிக் என்று வைத்துக்கொள்வோம்.

1. இருபதாவதற்குப் பின்னால் இருக்கும் 38 பெட்டிகள் ஓடிவிடாமல் முதலில் கை பிரேக் போடணும்.
2. இருபதுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவில் காற்றுக் குழாயின் இரண்டு பக்க வால்வையும் மூடி, ஹோஸைக் கழற்றி, கப்ளிங் லிவரைத் தூக்கணும்.
3. இன்ஜின் 20 பெட்டிகளை முன்னால் இழுத்து, பாயின்ட்டைத் தாண்டி நிற்கும்.
4. பாயின்ட்டைக் காலி லைனுக்கு மாற்றி, 20 பெட்டிகளையும் பின்னால் தள்ளி, இருபதாவது உள்ளே போனதும் அதற்குக் கை பிரேக் போட்டு, கழற்றி விடணும்.
5. மீதி 19 பெட்டிகளுடன் வெளியே வந்து, பாயின்ட்டைப் பழையபடி மாற்றி, காத்திருக்கும் 38-ஐ மெதுவாகத் தொடணும். 'டங்!'
6. ஹோஸை மாட்டி, வால்வுகளைத் திறந்து, போட்ட கை பிரேக்குகளை எல்லாம் எடுத்து, கடைசிப் பெட்டி வரை காற்று போகிறதா என்று பார்க்கணும்.

இப்போது 57 பெட்டியுடன் வண்டி தயார். இவ்வளவும் ஜல்லியில் நடந்து, வெயிலிலோ, மழையிலோ, பெரும்பாலும் ராத்திரியிலோ நடக்கும். என் காலுக்குப் பின்னால் அன்றைக்கு நகர்ந்தது இந்த மாதிரி ஒரு 'டங்'தான். இரண்டு பெட்டி இணைப்பில் சில சென்டிமீட்டர் தளர்வு உண்டு. 58 பெட்டிகளுக்கும் கூட்டினால் மீட்டர் கணக்கில் வரும். இன்ஜின் தொட்டதும் அந்தத் தளர்வு ஒவ்வொரு பெட்டியாக ஓடி வரும். அதுதான் அந்தத் 'தட தட' சத்தம். நீங்கள் அதைக் கேட்டுச் சுதாரிப்பதற்குள் உங்கள் பெட்டிக்கு வந்துவிடும்.

கை நடுவுல போற வேலை

19-ம் நூற்றாண்டு அமெரிக்காவில், ஒருவர் இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் நின்று இரும்பு வளையத்தைப் பிடித்துக்கொள்ள, பெட்டி வந்து மோதும்போது ஆணியைச் சொருகணும். ஆயிரக்கணக்கான ஊழியர்கள் விரல்களையும் கைகளையும் இழந்தார்கள், பலர் உயிரையும் இழந்தார்கள். 1873-ல் ஈலை ஜானி என்பவர், இரண்டு கைகளின் விரல்கள் மடங்கிக் கோத்துக்கொள்வது போன்ற தானியங்கி கப்ளிங்குக்குக் காப்புரிமை வாங்கினார். 1893-ல் அமெரிக்காவில் சட்டமே வந்தது, தானியங்கி கப்ளிங் கட்டாயம் என்று. இன்று நம் கூட்ஸ் பெட்டிகளில் இருக்கும் கப்ளிங்கும் அந்தக் குடும்பம்தான். சேர்வது தானாக நடக்கும். ஆனால், காற்று ஹோஸை மாட்டவும் கழற்றவும் இன்றைக்கும் ஒரு மனிதர் நடுவில் போய்க் குனியணும்.

2024 நவம்பரில் பீகாரின் பரவுனி ஜங்ஷனில், ஒரு பயணிகள் ரயிலின் இன்ஜினைக் கழற்றப் போன ஊழியர் ஒருவர் இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவில் நசுங்கி இறந்தார். அந்த போட்டோ உங்கள் போனுக்கும் வந்திருக்கலாம். நாம் அதை 'அய்யோ' என்று சொல்லி மேலே தள்ளிவிட்டுப் போயிருப்போம். அந்த வேலையை இப்போது, நீங்கள் இதைப் படிக்கும் நேரத்தில், நாட்டில் எத்தனையோ யார்டுகளில் யாரோ செய்துகொண்டிருக்கிறார்கள். நடுவில் ஆள் இருக்கும்போது இன்ஜின் ஒரு விரலளவுகூட நகரக் கூடாது. வெளியே வந்து அவர் சைகை கொடுத்தால்தான் நகரணும். இரண்டு பேருக்கு நடுவில் இருக்கும் அந்த ஒப்பந்தம்தான் அவருடைய உயிர்க் காப்பீடு.

பிரேக் போட்டாச்சு... போதாதா?

போதாது! இதைப் புரிந்துகொள்ள ரயில் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கணும். வண்டி முழுக்க ஓடும் குழாயில் காற்று 5 கிலோ அழுத்தத்தில் இருக்கும். அழுத்தம் இறங்கினால் பிரேக் பிடிக்கும். இதற்காகவே ஒவ்வொரு பெட்டியிலும் காற்றுத் தொட்டி ஒன்று உண்டு. அதனால்தான் ஓடும்போது ரயில் அறுந்தாலும் இரண்டு பாதியும் தானாக நின்றுவிடும். புத்திசாலித்தனமான ஏற்பாடு.

ஆனால், கழற்றிவிட்ட பெட்டியில் அந்தக் காற்று நாள் முழுக்க இருக்காது. கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். கசிந்து முடிந்தால் பிரேக் விட்டுவிடும். இரும்புச் சக்கரம், இரும்புத் தண்டவாளம்... உராய்வு ரொம்பக் கம்மி. கண்ணுக்கே தெரியாத சரிவு போதும், உருள ஆரம்பித்துவிடும். ஸ்டேஷன் யார்டில் 400 மீட்டருக்கு 1 மீட்டருக்கு மேல் சரிவு கூடாது என்று விதி வைத்திருப்பது இதனால்தான்.

2013 ஜூலை 6, கனடாவின் லக்-மெகான்டிக் நகரம். மேட்டில் நிறுத்திவைத்த கச்சா எண்ணெய் ரயில். இன்ஜினை அணைத்த பிறகு காற்று கசிந்தது. போட்டிருந்த கை பிரேக்குகள் போதவில்லை. ரயில் தானாக உருண்டு ஊருக்குள் புகுந்து வெடித்தது. 47 பேர் இறந்தார்கள்.

நம் நாட்டில் 2024 பிப்ரவரி 25. ஜம்முவின் கதுவாவில் நின்றிருந்த, ஜல்லி ஏற்றிய 53 பெட்டி கூட்ஸ் வண்டி ஓட்டுநர் இல்லாமலே கிளம்பியது. 70 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, பஞ்சாபில் உச்சி பஸ்ஸி அருகே நிறுத்தப்பட்டது. வழியில் லைன் எல்லாம் காலி செய்யப்பட்டதால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

அதனால்தான் கழற்றி நிறுத்தும் பெட்டிகளுக்குக் கை பிரேக், சக்கரத்துக்கு முட்டாக மரக்கட்டை, சங்கிலி போட்டுப் பூட்டு என்று அடுக்கடுக்காகப் பாதுகாப்பு. இதையும் மீறி உருண்டால்? சைடிங், மெயின் லைனைத் தொடுவதற்கு முன் ஒரு வில்லங்கமான பாயின்ட் இருக்கும். ஓடி வரும் பெட்டியை வேண்டுமென்றே தடம் புரள வைப்பது அதன் வேலை. எதிரே எக்ஸ்பிரஸ் வரும் லைனில் போவதைவிட, மண்ணில் இறங்கி நிற்பது மேல் அல்லவா?

அவசரம்தான் எதிரி

இவ்வளவு விதி இருந்தும் ஏன் தப்பு நடக்குது? நேரம். ரேக் உள்ளே வந்ததும் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். சரக்கை ஏற்ற, இறக்க இலவசமாகச் சில மணி நேரம். தாண்டினால் ஒவ்வொரு பெட்டிக்கும் மணிக்கணக்கில் 'டெமரேஜ்' அபராதம். ஆலைக்கு அவசரம். பெட்டிகள் திரும்பி வரணும், ரயில்வேக்கு அவசரம். பின்னால் எக்ஸ்பிரஸ் வருது, ஸ்டேஷனுக்கு அவசரம். இத்தனை அவசரத்துக்கும் கீழே, ஹோஸைக் கழற்றிக்கொண்டு குனிந்திருப்பவர் ஒருவர். அவர் அவசரப்பட்டால் மட்டும் யாராலும் திருத்த முடியாது.

உங்க போனில் ஒரு சின்ன விளையாட்டு

லெவல் கிராஸிங்கில் கேட் மூடியிருக்கா? கேட்டுக்கு வெளியே நின்றபடியே பெட்டியில் எழுதியிருப்பதைப் படிங்க. 'பாக்ஸ்என்' என்றால் மேலே திறந்த, உயரமான பெட்டி. நிலக்கரி, ஜல்லி போகும். 'பிசிஎன்' என்றால் மூடிய பெட்டி. மூட்டைகள் போகும். 'பிடிபிஎன்' என்றால் பெட்ரோல், டீசல் டேங்கர். கடைசியில் வரும் 'என்' காற்று பிரேக்கைக் குறிக்கும்.

பக்கத்தில் 11 இலக்க நம்பர் இருக்கும். முதல் இரண்டு பெட்டியின் ரகம். அடுத்த இரண்டு எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்பது. ஐந்தாவது, ஆறாவது இலக்கம் தயாரான வருஷம். 14 என்று இருந்தால் 2014-ல் பிறந்த பெட்டி. சிலவற்றில் 'லூஸ் ஷன்ட்டிங் கூடாது' என்ற எச்சரிக்கையும் ஆங்கிலத்தில் இருக்கும். இன்ஜின் தள்ளிவிட்டு, பெட்டியைத் தனியாக உருளவிடும் வேலையை இதனிடம் வைத்துக்கொள்ளாதே என்று அர்த்தம்.

போட்டோ எடுங்க, ஆனா தள்ளி நின்னு எடுங்க. பெட்டி மேல ஏறி ரீல்ஸ் எடுக்கவே கூடாது. மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். தொடணும்கிற அவசியம்கூட இல்லை, ரொம்பப் பக்கத்தில் போனாலே பாய்ந்துவிடும். டேங்கர் மேல் ஏறி செல்ஃபி எடுக்கப்போய்க் கருகிய பையன்களின் செய்தியை எங்கள் டெஸ்க்கில் எழுதிக் கை வலிச்சுப் போச்சு.

போன மாசம் விழுப்புரம் ஜங்ஷனில் சென்னை வண்டிக்காகக் காத்திருந்தேன். அந்தப் பக்க லைனில் ஒரு கூட்ஸ் வண்டி. ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட ஒருவர் இரண்டு பெட்டிகளுக்கு நடுவிலிருந்து வெளியே வந்தார். கையைத் துடைத்துக்கொண்டு, வண்டியை இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்தார். அப்புறம்தான் பச்சைக் கொடியைத் தூக்கினார். என் பக்கத்தில் இரண்டு கல்லூரிப் பசங்க, அந்த வண்டிக்கு அடியில் நுழையலாமா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, அது நிக்கல. பாலத்துலயே போங்க" என்றேன்.

ஒரு மாதிரி பார்த்தார்கள். அதற்குள் 'தட தட தட'ன்னு சத்தம் எங்களைத் தாண்டி ஓடியது. இரண்டு பேரும் பேசாமல் படி ஏறிப் போனார்கள்.